ராஜ்தூத் 350-ம் ஆர்.எக்ஸ். 100-ம்

தில்லிக்குப் படிக்க வரும் நம்மவருள் ஆண்டுக்கு ஓரிருவரேனும், திரும்பிப் போகும்போது பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையோடு இருக்கிறார்கள். செங்கோட்டையும் குதுப் மினாரும் பார்த்து முடிந்த கையோடு அவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "கரோல் பாக்குக்கு எப்படிப் போவது?" என்பதுதான். அங்கே பழைய வண்டிகளும் உதிரிச் சாமான்களும் விற்கும் சந்துகளில் இரண்டு பெயர்கள் மட்டும் தனி மரியாதையுடன் சொல்லப்படும். ஒன்று ராஜ்தூத் 350. மற்றொன்று யமஹா ஆர்.எக்ஸ். 100. கையில் ஒரு வண்டிக்குத்தான் பணம் இருக்கிறது, எதை வாங்குவது என்று விடுதியில் என்னைக் கேட்டவர் பலர். நானும் பொறியியல் மாணவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு ஏதேதோ பதில் சொல்லி வந்தேன். சென்ற குளிர்காலத்தில் மூத்த மாணவர் ஒருவர் உண்மையாகவே பணத்தோடு வந்து நின்றபோதுதான் இதைச் சற்றுப் பொறுப்போடு ஆராய வேண்டியதாயிற்று. அந்த ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடலாம். இரண்டும் இந்தியாவில் உருவானவை ஆயிற்றே, ஜப்பானிய வண்டி என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. வடிவமைத்தது யமஹா, இங்கே உரிமம் பெற்று உருவாக்கியது எஸ்கார்ட்ஸ் நிறுவனம். அந்நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் ஆலைகள் இருந்த பரிதாபாத், சூரஜ்பூர் ஆகிய ஊர்கள் நம் விடுதியிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்வரக்கூடிய தொலைவில்தான் உள்ளன. ஜப்பானில் பிறந்த பிள்ளைகளை யமுனைக் கரையில் வளர்த்தார்கள் எனலாம். வளர்த்த விதத்தில்தான் இரண்டுக்கும் வேற்றுமை. அந்த வேற்றுமையே சேகரிப்பவன் கவனிக்க வேண்டிய முதல் செய்தி என்பது என் கருத்து.

1980-க்கு முன் நம் சாலைகளில் மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், மைசூரில் செய்யப்பட்ட ஜாவாவும் யெஸ்டியும், போலந்து நாட்டு வடிவத்தைத் தழுவிய ராஜ்தூத் 175 ஆகியவைதாம். இவற்றுள் கடைசியாகச் சொன்னது பால்காரர்களின் வண்டி. இரு பக்கமும் பால் பாத்திரங்கள் தொங்க, குண்டும் குழியுமான பாதையில் முனகாமல் போகும். அந்தப் பெயரையே தாங்கிக்கொண்டு 1983-ல் எஸ்கார்ட்ஸ் ஒரு புதிய வண்டியை வெளியிட்டது. அதுதான் ராஜ்தூத் 350. பால்காரர் வண்டியின் தம்பி என்று நினைத்து ஏறியவர்கள், ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் அலறியிருப்பார்கள். இரட்டைச் சிலிண்டர், 347 சி.சி.; ஆறு கியர்கள். அந்நாளைய இந்தியச் சாலையில் இதற்கு இணையாக ஓடக்கூடிய இரு சக்கர வண்டி வேறு இல்லை.

இதன் மூலம் யமஹாவின் ஆர்.டி. 350 என்ற வண்டி. 1973-ல் வெளிவந்து, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தன்னைவிட இரு மடங்கு பெரிய வண்டிகளையும் திணறடித்துப் புகழ் பெற்றது. 39 குதிரைத் திறன். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். 1976-ல் அதன் இடத்துக்கு ஆர்.டி. 400 வந்துவிட்டது. ஆக, பிறந்த நாட்டில் ஓய்வு பெற்று ஏழாண்டு கழிந்தபின் நம் நாட்டில் அது உத்தியோகம் ஏற்றது. அதிலும் அப்படியே ஏற்கவில்லை. நம் மக்கள் வண்டி வாங்கும்போது முதலில் கேட்பது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அல்லவா? ஆதலால் எஞ்சினின் மூச்சைக் குறைத்தார்கள். 39 குதிரைத் திறன் 30.5 ஆயிற்று. அதுவும் போதாதென்று சில ஆண்டுகளில் 27 ஆக்கினார்கள். முந்தையதை 'ஹெச்.டி.' என்றும் பிந்தையதை 'எல்.டி.' என்றும் சேகரிப்போர் குறிப்பிடுவர். 'ஹை டார்க்', 'லோ டார்க்' என்பவற்றின் சுருக்கம். முன் சக்கரத்து டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் பிரேக் வைத்தார்கள். இத்தனை செய்தும் லிட்டருக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் அது ஓடியதில்லை. கரோல் பாக்கில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர், எல்லோரும் 'உஸ்தாத்' என்று அழைப்பவர், என்னிடம் சொன்னார்: "இந்த வண்டிக்கு நோய் கிடையாது, தம்பி. பசிதான்."

வேகத்தைக் குறைத்தார்களேயன்றி முழுவதும் அடக்கிவிடவில்லை. ஹெச்.டி. வண்டி மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் போகும். அந்த வேகத்தை நிறுத்தும் வேலை டிரம் பிரேக்கின் தலையில் விழுந்தது. டிரம் பிரேக்கின் குறை என்னவென்றால், அடுத்தடுத்துப் பிடிக்கும்போது உள்ளேயே சூடு தங்கிப் பிடிப்புத் தளர்ந்துவிடும். திறந்த வெளியில் சுழலும் டிஸ்க் பிரேக்கோ காற்றில் விரைவில் ஆறிவிடும். 'ஆர்.டி.' என்ற எழுத்துகளுக்கு நம் நாட்டு இளைஞர்கள் 'ராப்பிட் டெத்' என்று விரிவு சொன்னது இதனால்தான். வேடிக்கைப் பேச்சு எனினும் அதற்குள் பல வீடுகளின் துக்கம் இருந்தது. 1980-களின் இறுதியோடு அதன் உற்பத்தி நின்றது.

ஆர்.எக்ஸ். 100-ன் வரலாறு வேறு. 1980-களின் தொடக்கத்தில் மத்திய அரசு, சிறிய எஞ்சின் கொண்ட வண்டிகளை வெளிநாட்டுக் கூட்டுறவோடு செய்ய இடமளித்தது. உடனே நான்கு ஜப்பானிய நிறுவனங்களும் நான்கு இந்தியத் துணைகளோடு வந்தன. நம் ஒசூரில் 1984-ல் இந்த்-சுசுகி ஏ.எக்ஸ். 100 பிறந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. பஜாஜ் கவாசாகியோடு சேர்ந்தது. எஸ்கார்ட்ஸும் யமஹாவும் 1985-ல் கொண்டுவந்தது ஆர்.எக்ஸ். 100. முதலில் வந்தவை ஜப்பானிலிருந்து உதிரியாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. 98.2 சி.சி. எஞ்சின், 11 குதிரைத் திறன், நான்கு கியர்கள், பெட்ரோல் உட்பட 103 கிலோ எடை. பார்வைக்கு ஒரு சாதாரண வண்டி. ஒல்லியான உடல், வட்டமான விளக்கு, தட்டையான இருக்கை. ஆனால் ஏறி அமர்ந்து முதல் கியரைப் போட்டவுடன் அது யார் என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஜப்பானிய ஆர்.டி. 350-ன் 39 குதிரைத் திறனை 347 சி.சி.யால் வகுத்தால், ஒரு லிட்டர் எஞ்சினுக்கு ஏறத்தாழ 112 குதிரைத் திறன் என்று வரும். ஆர்.எக்ஸ். 100-ன் 11-ஐ 98.2-ஆல் வகுத்தாலும் அதே 112. நம் ராஜ்தூத் ஹெச்.டி.க்கோ 88, எல்.டி.க்கு 78 தான். இந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் உண்மையில் இரு வண்டிகளின் கதையும் இதற்குள் அடங்கிவிடுகிறது. பெரியதை நம் வீட்டு வாசலுக்குள் நுழையும்படி வெட்டிக் குறைத்தார்கள். சிறியது நம் வாசலுக்கேற்ற உயரத்திலேயே பிறந்தது. அதனிடமிருந்து எதையும் பறிக்க வேண்டியிருக்கவில்லை.

இனி எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இவ்வண்டிகளை விலை பேசுவது பல் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குவது போன்றதாகும். இரண்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். தமிழில் இருவீச்சு எஞ்சின் எனலாம். இன்று விற்கும் வண்டிகளில் பிஸ்டன் இருமுறை ஏறி இருமுறை இறங்கினால்தான் ஒரு தடவை பெட்ரோல் எரியும். இருவீச்சு எஞ்சினிலோ ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது. வால்வுகளும் அவற்றை ஆட்டும் உறுப்புகளும் தலைப்பகுதியில் இல்லை. சிலிண்டர் சுவரில் வெட்டிய துவாரங்களைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்கு அறைக்கு வருகிறது. அங்கிருந்து மேலே தள்ளப்பட்டு, எரிந்த புகையை வெளியே துரத்திவிட்டு அவ்விடத்தில் தான் நிரம்புகிறது. திருடனைத் துரத்திப் போகிறவன் சில வேளை தானும் வாசலைத் தாண்டிவிடுவதுண்டு. அதுபோல எரியாத கலவையில் ஒரு பகுதியும் புகையோடு வெளியேறிவிடும். இருவீச்சு வண்டியின் பசிக்கும் புகைக்கும் இதுவே காரணம்.

அப்படித் தப்பிப் போகும் கலவையைத் திருப்பி அனுப்புவது எது என்று கேட்டால் வியப்பாக இருக்கும். சைலன்சர்தான். வயிறு பருத்துக் கடைசியில் ஒடுங்கும் அதன் வடிவம் அழகுக்காக வந்ததன்று. வெளியேறும் அழுத்த அலை அந்த ஒடுங்கிய பகுதியில் மோதித் திரும்பி வந்து, வாசலில் நிற்கும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆகையால் இருவீச்சு எஞ்சினுக்குச் சைலன்சர் உடுப்பன்று, உடலுறுப்பு. சத்தத்துக்காக அதன் உட்குழாயைப் பிடுங்கி எறிபவர்களும், பளபளப்புக்காகக் கடைவீதிச் சைலன்சரை மாட்டுபவர்களும் எஞ்சினின் கணக்கையே குலைத்துவிடுகிறார்கள். கார்புரேட்டரிலிருந்து கலவை உள்ளே வரும் வழியிலும் ஒரு நுட்பம் உண்டு. நாதஸ்வரத்தின் சீவாளி போன்ற மெல்லிய தகடுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். எஞ்சின் இழுக்கும்போது அவை திறக்கும். எதிர்த்து ஊதும்போது படிந்து மூடிக்கொள்ளும். 'ரீட் வால்வு' என்ற இந்த ஏற்பாடு இரு வண்டிகளிலும் உள்ளது. வேகம் குறைந்தபோதும் எஞ்சின் திணறாமல் இழுப்பது இதனால்தான்.

மூன்றாவது நுட்பம் எண்ணெய் பம்பு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மசகு எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே போக வேண்டும். பழைய வண்டிகளில் பெட்ரோல் பங்கிலேயே அளந்து கலப்பார்கள். யமஹா 1964-ல் 'ஆட்டோலூப்' என்ற முறையைக் கொண்டுவந்தது. எண்ணெய்க்குத் தனித் தொட்டி; எஞ்சினின் வேகத்துக்கும் ஆக்ஸிலேட்டர் திருகுக்கும் ஏற்ப ஒரு சிறு பம்பு அளந்து ஊற்றும். ராஜ்தூத்திலும் ஆர்.எக்ஸ். 100-லும் அது உண்டு. ஆனால் இன்று சந்தையில் நிற்கும் வண்டிகளில் பலவற்றில் இல்லை! 'பம்பு எப்போது கெடும் என்று சொல்ல முடியாது, கலந்து ஊற்றுவதே பத்திரம்' என்று சொல்லிக் கழற்றிவிடுகிற மெக்கானிக்குகள் எங்கும் இருக்கிறார்கள். என் நண்பனுடைய ஆர்.எக்ஸ். 100-லும் ஒருவர் அப்படித்தான் கழற்றியிருந்தார், கழற்றியதைச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் மதுரா பார்க்கக் கிளம்பினோம். எண்ணெய்த் தொட்டி நிறைய இருக்கிறதே என்ற தைரியத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு போனோம். பல்வலைத் தாண்டியதும் வண்டி ஒரு முறை கீச்சென்று கத்திப் பின்சக்கரம் இறுகி நின்றது. பின்னால் லாரி ஏதும் வராததால் இக்கட்டுரையை எழுத நான் இருக்கிறேன். சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் பிறாண்டியது போன்ற நெடுங்கோடுகள். அன்று முதல் எந்த டூ ஸ்ட்ரோக் வண்டியைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது பம்பைத்தான். தொட்டியில் எண்ணெய் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பம்புக்குப் போகும் குழாயும், ஆக்ஸிலேட்டரோடு அதை இணைக்கும் கேபிளும் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள்.

ஓட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்? இரண்டையும் ஓட்டும் பேறு எனக்குக் கிடைத்தது. ராஜ்தூத்தை மட்டும் உஸ்தாத் பின்னால் உட்கார்ந்துகொண்டுதான் தந்தார். 155 கிலோ என்பது இன்றைய கணக்கில் பெரிய பாரமன்று. ஆயினும் கிக்கரை உதைக்கும்போதே அது வேறு இனம் என்று கால் சொல்லிவிடும். கீழ் வேகத்தில் சாதுவாகப் புகைவிட்டுக்கொண்டு போகும். எஞ்சின் சுற்று ஓர் அளவைத் தாண்டியதும் குரல் மாறி, முன்சக்கரம் இலேசாகி, யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல் பாயும். உஸ்தாத் என் தோளை இறுகப் பிடித்தார். நான் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டேன். பிரேக் பிடித்தபோது, பிடித்த பின்னரும் சற்றுத் தூரம் போய்த்தான் நின்றோம். ஆர்.எக்ஸ். 100-ல் இத்தகைய அச்சம் எழவில்லை. அதன் வேகம் மணிக்கு நூறைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அந்த நூறுக்குள்ளேயே அது செய்யும் குறும்புக்கு அளவில்லை. பேருந்துக்கும் ரிக்‌ஷாவுக்கும் இடையே கயிற்றில் நடப்பவன் போலப் புகுந்து வெளிவரும். அதன் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. நம் ஊர்த் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு எழுதவும் வேண்டியதில்லை.

ஓட்டுவதற்காக மட்டும் வாங்குகிறவருக்கு என் விடை தயங்காமல் ஆர்.எக்ஸ். 100 தான். ஒற்றைச் சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். கோளாறு என்றால் அரைநாள் வேலை. ராஜ்தூத்தில் இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவில் திறக்கும்படி ஒத்துப் பிடிக்க வேண்டும். சிலிண்டர் ஒன்றுக்கு ஒரு ஜோடியாகப் பாயிண்டுகளைத் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. இரண்டுக்கும் பொதுவான நோய் ஒன்றுண்டு. கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் சீல்கள் வயதாகிக் கெட்டிப்பட்டால் வெளிக்காற்று உள்ளே கசியும். கலவை வறண்டு எஞ்சின் சுடும்; பிறகு பல்வலில் நடந்ததுதான் நடக்கும். நீண்ட காலம் நின்ற வண்டியை வாங்கினால், நன்றாக ஓடுவதுபோல் தோன்றினாலும் சீல்களை மாற்றிவிடுவது நலம்.

ஆனால் சேகரிப்பவன் கேட்கும் கேள்வி வேறு. எது அசல் என்பதே அவன் கவலை. ஆர்.எக்ஸ். 100-ல் இக்கேள்விக்கு விடை எளிது, கண்டுபிடிப்பதுதான் கடினம். 1985 முதல் 1996 வரை அவ்வண்டி ஏராளமாக விற்றது. இளைஞர் கைக்கு இளைஞர் கை மாறியது. ஒருவர் சிலிண்டரின் துவாரங்களை அரம் போட்டுப் பெரிதாக்கினார். இன்னொருவர் பின்னாளில் வந்த ஆர்.எக்ஸ். 135-ன் சிலிண்டரைத் தூக்கி வைத்தார். மூன்றாமவர் எல்லாவற்றையும் கழற்றிப் புதுப்பெயிண்டு அடித்து, கடைவீதி ஸ்டிக்கர் ஒட்டி, 'கம்பெனி கண்டிஷன்' என்று விற்கிறார். இவ்வாறு அலங்கரித்த வண்டிகள் இன்று புதிய நூறு சி.சி. வண்டியின் விலையையும் தாண்டி விலை போகின்றன. அந்தப் பணத்தில் பாதி பெயிண்டுக்கு, மீதி நம் இளமை நினைவுக்கு. நான் சொல்வது இதுதான்: மங்கிப்போன பழைய பெயிண்டோடு, பம்பும் சைலன்சரும் கழற்றப்படாமல், எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகும் ஒரு வண்டி கிடைத்தால், பளபளக்கும் பத்து வண்டிகளை விட்டுவிட்டு அதை வாங்குங்கள்.

ராஜ்தூத்திலோ கேள்வியே சிக்கலானது. அதை வாங்கியவர்களில் கைவசதி உள்ளவர்கள் செய்யும் முதல் வேலை, ஜப்பானிய ஆர்.டி. 350-ன் டிஸ்க் பிரேக்கை வெளிநாட்டிலிருந்து தேடி வரவழைத்துப் பூட்டுவதுதான். அடுத்து, அடைத்த துவாரங்களை ஜப்பானிய அளவுக்குத் திறக்கிறார்கள். பெட்ரோல் தொட்டியில் யமஹா என்று எழுதுகிறார்கள். "இழந்ததைத் திருப்பிக் கொடுத்தோம்" என்பது அவர்கள் வாதம். ஓட்டுபவரின் உயிர் பற்றிய கவலையால் பிரேக்கை மாற்றுகிறார் என்றால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். கழற்றிய டிரம்மைப் பத்திரமாகத் துணியில் சுற்றி வையுங்கள் என்று மட்டும் சொல்வேன். மற்றவற்றை என்னால் ஒப்ப முடியவில்லை. ஜப்பானிய ஆர்.டி. 350 உலகெங்கும் இருக்கிறது; அதைக் காப்பதற்கு உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 27 குதிரைத் திறனும், சூடேறித் தளரும் டிரம் பிரேக்கும், பால்காரர் வண்டியின் பெயரும் கொண்ட ராஜ்தூத் 350 இந்த நாட்டில் மட்டுமே செய்யப்பட்டது. பெட்ரோலுக்கு அஞ்சிய ஒரு தேசம் வேகத்தின்மீது ஆசையும் கொண்டபோது எப்படி ஒரு வண்டியைச் செய்யும் என்பதற்கு அதுவே சாட்சி. குறைகளை நீக்கிவிட்டால் சாட்சியும் போய்விடும். ஹெச்.டி.யையே எல்லோரும் தேட, எல்.டி.யை அலட்சியமாகப் பேசுவதும் எனக்குச் சம்மதமில்லை.

இது வெறும் ரசனைச் சண்டை என்று தள்ளிவிட முடியாதபடி சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. மத்திய அரசு 2021-ல் பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, முதல் பதிவு நாளிலிருந்து ஐம்பது ஆண்டு நிறைந்த வண்டிக்கே அந்தத் தகுதி உண்டு. சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாமல் மூல வடிவத்தில் வைத்திருக்கவும் வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. முதன்முதல் ராஜ்தூத் 350-க்கு ஐம்பது நிறைவது 2033-ல், ஆர்.எக்ஸ். 100-க்கு 2035-ல். இன்று அரத்தைக் கையில் எடுப்பவர் அன்று வருந்துவார் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், அதுவரை வண்டி உயிரோடு இருக்க வேண்டுமே! தில்லி வட்டாரத்தில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் சாலையில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. அதன்பின்னும் இது பற்றிய ஆணைகள் திருத்தப்பட்டு வந்திருப்பதால், வாங்கும் நாளில் உள்ள நிலையைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்தே பணத்தை எடுக்க வேண்டும். தில்லியின் காற்றைச் சுவாசிப்பவன் என்ற முறையில் அந்த ஆணையை நான் குறை கூறவில்லை. நவம்பர் மாதக் காலையில் விடுதி மாடியிலிருந்து எதிர்க் கட்டடம் தெரியாமல் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆயினும் அதன் விளைவாக முதுமைக்கும் பழமைக்கும் இடையே ஓர் இடைவெளி ஏற்பட்டிருக்கிறது. பதினைந்து வயதைத் தாண்டி ஐம்பதை எட்டாத வண்டி, குப்பையும் அன்று, செல்வமும் அன்று. அந்த இடைவெளியில்தான் நம் இரு வண்டிகளும் நிற்கின்றன.

தில்லியில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோவதென்றால் விற்பவரின் பதிவு அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். பின்னர் தமிழ்நாட்டில் மறுபதிவு. சான்று பின்னால் அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். இரயிலில் பார்சலாகப் போடும்போது பெட்ரோலைச் சொட்டு மீதமின்றி வடித்துவிடுவார்கள். சாக்குத் துணி சுற்றிக் கட்டுவதற்கு நிலையத்திலேயே ஆட்கள் உண்டு. கண்ணாடிகளையும் பக்க விளக்குகளையும் கழற்றிப் பெட்டியில் உங்களோடு கொண்டுபோவது உத்தமம்.

மேலே சொன்ன மூத்த மாணவருக்கு உஸ்தாத் இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று 1980-களின் பிற்பகுதியைச் சேர்ந்த எல்.டி. ராஜ்தூத். தொட்டியில் பெயர் பாதி அழிந்திருந்தது, இருக்கை கிழிந்திருந்தது, ஆனால் இரு சைலன்சர்களும், பம்பும், முன் டிரம்மும் அப்படியே இருந்தன. மற்றொன்று சிவப்பு நிற ஆர்.எக்ஸ். 100. நான் ராஜ்தூத்துக்காக ஒரு மணி நேரம் வாதாடினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றதெல்லாம் சரிதான்டா. ஆனா எங்க மாமா என்னை முதல்ல ஏத்திக்கிட்டுப் போனது இந்த வண்டியில" என்று சொல்லி ஆர்.எக்ஸ். 100-ன் தொட்டியைத் தடவினார். அதற்குமேல் நான் பேசவில்லை. அவ்வண்டி சாக்கு உடுத்திக்கொண்டு தெற்கே போய்ச் சேர்ந்தது.

ராஜ்தூத் இன்னும் அந்தச் சந்தில்தான் நிற்கிறது. சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் போகும்போது பார்த்துவிட்டு வருவேன். சென்ற வாரம் பார்த்தபோது வலப்பக்கச் சைலன்சரைக் காணவில்லை. முழு வண்டிக்கு ஆள் வராததால் உதிரியாகக் கேட்பவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருப்பதாக உஸ்தாத் சொன்னார். டிரம்மையும் பம்பையும் மட்டும் இம்மாதக் கடைசிவரை கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். வாங்கும் எண்ணமுள்ள நண்பர் எவரேனும் இருந்தால் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விடுதி வாசலில் என்னைச் சந்திக்கலாம். நானே அழைத்துப் போகிறேன்.